மோட்டார் ஆயில் நிறப் புழு

மீன் பிடிக்கப் போகிறவன் முதலில் மீனுக்குச் சோறு போட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அம்மா எதிர்க்கட்சி. "இந்த இறாலக் கடல்ல போட்டுக் கெளுத்தி பிடிக்கிறதுக்கு, இறாலயே தொக்கு வச்சுத் தின்னுட்டுப் போலாமே?" என்பார். சனிக்கிழமை பாசாரில் வாங்கி, ஐஸ்கட்டி போட்டு மூடிவைத்த இறாலில் ஒரு கைப்பிடி ஞாயிறு விடிவதற்குள் காணாமல் போயிருக்கும். எலி என்பார் அப்பா. நடுத்தர அளவு இறாலாகப் பார்த்து, தலை உடையாமல் பொறுக்கிக்கொண்டு போகும் எலியை அம்மா அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். இரவெல்லாம் வேகன்களைப் பிரித்துக் கோப்பது வேலை. ரப்பர் பேல்களை ஏற்றிய வேகன்கள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போகும். ஆறு நாள் ரப்பரை அனுப்பிவைத்த அதே தண்டவாளத்தில் ஏழாம் நாள் தன்னையும் என்னையும் ரயில்வே பாஸில் அனுப்பிக்கொள்வார். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. 1972ல் அந்த ஊர் போர்ட் கிள்ளான் ஆனது. அப்பா கடைசிவரை சுவெட்னாம் என்றேதான் சொன்னார். பெயரை மாற்றிய சங்கதி மீனுக்குத் தெரியாது, நாம் போய்க் குழப்பக் கூடாது என்பது அவர் வாதம்.

1901ல் அந்தத் துறைமுகத்தைத் திறந்த சூட்டில் மலேரியா வந்து கூலிகளைச் சாய்த்ததும், மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்துக் கொசுவை அடக்கியதும் பாடப்புத்தகத்தில் இருந்தது. வாட்சன் அடக்காமல் விட்ட மிச்சத்தை அப்பாவும் நானும் ஞாயிறுதோறும் சம்பானில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தோம்.

சம்பான் ஒரு மலாய்க்காரப் பாக்சிக்குடையது. இரண்டு வெள்ளி கொடுத்தால் பக்காவுச் சதுப்புக்காட்டு ஓரமாக ஓர் ஓடை வாயில் கொண்டுபோய் நிறுத்துவார். அடிப்பலகையில் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும். பால் டின்னால் அதை மொண்டு கொட்டுவது என் உத்தியோகம். இன்னொரு பால் டின்னில்தான் எங்கள் மொத்தத் தளவாடமும் சுற்றியிருக்கும்: தங்கூஸ் நரம்பு, இரண்டு முள், ஈயக்குண்டுக்குப் பதில் யார்டில் கிடந்த துருப்பிடித்த நட்டு ஒன்று. கோல் கிடையாது. நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார் அப்பா. "கண்ணால பிடிக்காதடா. வெரலால பிடி."

கெலாமா கிடைக்கும், டூரி கிடைக்கும். நல்ல நாளில் செம்பிலாங் கிடைக்கும். செம்பிலாங் குழம்பு என்றால் எதிர்க்கட்சியும் வெளிநடப்பு செய்யாது. ஆனால் அந்தக் கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூன்றிலும் விஷம். ஒருநாள் பெருமையாகக் கழற்றப் போய் என் ஆள்காட்டி விரலிலேயே வாங்கினேன். நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. பாக்சிக் ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்கிலிருந்த கோப்பி ஓவைப் பால் டின்னில் ஊற்றி, என் விரலைப் பிடித்து உள்ளே அமுக்கினார். பொறுக்க முடிந்த சூடுதான். கால் மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. செம்பிலாங் விஷம் சூட்டில் சிதையும் புரதம் என்று நாற்பது வயதில் எங்கோ படித்தேன். பாக்சிக் படித்திருக்க வாய்ப்பில்லை. போனது அவருடைய பசியாறல் காப்பி. அதற்குக் காசு கேட்கவுமில்லை.

ஒன்றும் கிடைக்காத நாட்களே அதிகம். அந்த நாட்களில் கிள்ளானில் இறங்கி, பாசார் கட்டும் நேரத்தில் அரைக்கட்டி கெம்போங் வாங்குவார் அப்பா. வீட்டில் பையைக் கொடுத்துவிட்டு நேராகக் குளிக்கப் போய்விடுவார். அம்மா ஒரு மீனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "இன்னிக்குப் பிடிச்ச மீனா? ராத்திரியெல்லாம் தூங்காத மாதிரி கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?" குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரும்.

1971 ஜனவரி வெள்ளத்தில் இந்த விவகாரம் ஒரேயடியாக அம்மா பக்கம் சாய்ந்தது. கிள்ளான் ஆறு கரையை மீறிப் பட்டணத்துக்குள் வந்த வாரம் அது. தண்ணீர் வடிந்தபின் அடுப்படிச் சேற்றில் ஒரு கெலிக் கெளுத்தி நெளிந்துகொண்டிருந்தது. முழங்கை நீளம். அம்மா துடைப்பத்தால் ஓரங்கட்டி, அலுமினிய வாளியைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டார். இறால் இல்லை, நரம்பில்லை, ரயில் பாஸ் இல்லை. எங்கள் குடும்பத்தில் பிடிபட்ட ஆகப்பெரிய மீன் பல ஆண்டுகள் அதுவாகவே இருந்தது. விருந்தாளி யார் வந்தாலும் அம்மா அந்தத் துடைப்பத்தைக் காட்டுவார்.

அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்தாயிற்று. ஆற்றுக்கு நெடுகக் கான்கிரீட் கட்டிவிட்டார்கள். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் 2017லிருந்து இரவானால் நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமும் உண்டு. அந்த மூட்டத்துக்கு நடுவே நின்று படமெடுத்துக்கொள்ளும் ஜனங்களைப் பார்த்தால், இதே ஆறு ஒருநாள் எங்கள் அடுப்படிவரை வந்து மீன் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. வயதானவன் உளறுகிறான் என்பார்கள்.

முப்பத்தைந்து ஆண்டு பேரேட்டில் தலையைக் கவிழ்த்திருந்துவிட்டு ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், கிள்ளானிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, வீட்ல உக்காந்து என்னா செய்யப் போறீங்க? போட்டு வாங்கிட்டேன். வாங்க, எஸ்.பி. போடலாம்."

எஸ்.பி. என்றால் எனக்குத் தெரிந்தவர் பாலசுப்பிரமணியம் ஒருவர்தான். இது வேறு. சாப்ட் பிளாஸ்டிக். விரல் நீளத்தில் வழவழவென்று ஒரு போலிப் புழு, அல்லது போலிக் குட்டிமீன், அல்லது இரண்டிலும் சேராத ஏதோ ஒன்று. தலையில் ஈயமும் முள்ளும் ஒன்றாக வார்த்த ஜிக் ஹெட்டைக் கோத்துவிட்டால் பாரம் முன்னால் இழுக்கும், துடுப்பு மாதிரி வால் பின்னால் துடிக்கும்.

"பிளாஸ்டிக்கப் போயி மீன் திங்குமா?" என்றேன். என் வாயிலிருந்து வந்தாலும் அது அப்பாவின் குரல்.

"திங்காது மாமா. கடிக்கும். அது போதும்."

கடைக்கு அழைத்துப் போனான். ஒரு சுவர் முழுக்கப் புழு. பாக்கெட் முப்பத்திரண்டு வெள்ளி, உள்ளே ஆறு. கணக்கன் புத்தி சும்மா இருக்குமா? புழு ஒன்றுக்கு ஐந்து வெள்ளி முப்பத்து மூன்று காசு. அப்பாவின் எலி ஒரு வருஷத்தில் தூக்கிய இறாலெல்லாம் சேர்ந்தாலும் ஒரு பாக்கெட் விலைக்கு வந்திருக்காது. நிறத்துக்கு ஒரு பெயர் வேறு. பூசணி விதை, தர்ப்பூசணி, மோட்டார் ஆயில். முதல் இரண்டையும் கிள்ளான் பக்கத்து மீன் எங்கே பார்த்திருக்கப் போகிறது? மூன்றாவது அதற்குப் பிறந்த வீட்டுச் சொத்து. மோட்டார் ஆயிலில் இரண்டு பாக்கெட் எடுத்தேன். மருமகன் சிரித்தான். நம்மூர்த் தண்ணீர் இருக்கும் கலங்கலில் நிறம் அப்புறம்தானாம். மீனின் விலாவில் ஓடும் கோடு தண்ணீரின் அதிர்வை உணரும். வால் அடிக்கிற அடியை அது வாங்கிக்கொண்டால் போதும் என்றான். அப்படியானால் இத்தனை நிறம் எதற்கு என்று கேட்டேன். "நமக்கு மாமா" என்றான்.

இந்தப் புழுவின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 1949ல் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளியும் அவர் மனைவியும் வினைலையும் எண்ணெயையும் சாயத்தையும் வீட்டில் காய்ச்சி அச்சில் ஊற்றி இதற்கு உயிர் கொடுத்தார்களாம். ஊர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் எல்லாம் தலைமையகம் வைத்திருந்த டயர்ப் பட்டணம். மலாயா ரப்பரை அந்நாளில் அள்ளிக்கொண்டு போனதில் அமெரிக்காவுக்குத்தான் முதலிடம். நம்மாட்கள் தோட்டத்தில் சீவிய பாலை, அப்பா யார்டில் கோத்துவிட்ட வேகனில் ஒன்றிரண்டாவது அந்த ஊர் டயருக்குப் போயிருக்காதா? போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி. புழு ரப்பரில்லை, வினைல். அது தெரியும். ஆனாலும் ரப்பர் போன ஊரிலிருந்து புழு திரும்பி வந்து, அதே ரயில் பாதையின் முனையில் கடலில் விழுகிறது. அப்பாவிடம் சொல்லியிருந்தால், "அப்ப வேகன் சார்ஜ் யாரு கட்டுனது?" என்று கேட்டிருப்பார்.

இறாலுக்கு இல்லாத பிரச்சினை ஒன்று இதற்கு உண்டு. ரப்பர் பட்டை மாதிரி இழுபடும் புதுவகைப் புழு ஒரு பாக்கெட் வாங்கி, பழையவகையோடு ஒரே டப்பாவில் அடுக்கி வைத்தேன். ஒழுங்காக அடுக்கிவைப்பது தொழில்வழி வந்த வியாதி. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் புழுவைக் காணோம். திருநெல்வேலி அல்வா மாதிரி பளபளவென்று ஒரு கட்டி. இரண்டு வகையும் ஒன்றையொன்று தொடக் கூடாதாம், தொட்டால் உருகுமாம். "பேக்கெட்ல போட்டிருக்கும் மாமா, படிக்கலியா?" இறால் கெட்டால் பூனைக்காவது போடலாம். அறுபது வெள்ளி அல்வாவை என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

முடிச்சுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சுருளில் இருப்பது பின்னல் நரம்பு. நூல் கனம்தான், ஆனால் இரும்பு. நுனியில் மீனின் கண்ணுக்குப் படாத இன்னொரு நரம்பு இரண்டு முழம். இரண்டையும் இணைக்க எஃப்.ஜி. என்று ஒரு முடிச்சு. பல்லில் ஒன்றைக் கடித்து, சுண்டுவிரலில் ஒன்றை மாட்டி, இருபது தடவை குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன வேண்டும். மருமகன் ஆடுகிற படகில் இரண்டு நிமிடத்தில் போடுகிறான். நான் சாப்பாட்டு மேசையில், இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம். அப்பா நரம்பை முள்ளில் நுழைத்து நாலு சுற்றுச் சுற்றி எச்சில் துப்பி இழுப்பார். முடிந்தது முடிச்சு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினேன். 2001ல் அந்த நிலையத்தைத் திறந்தபோது அதற்கு அடியில் போனது அப்பாவின் யார்டுதான். அவர் விளக்கை ஆட்டி வேகனைத் திருப்பிய இடம் எது என்று உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே இப்போது டோனட் விற்கிறார்கள். தோளில் குழாய் மாதிரித் தொங்கிய என் தூண்டில் உறையைக் காவலாளி சந்தேகமாகப் பார்த்தான். மீன் பிடிக்க என்றேன். "இங்கயா?" என்றான். நியாயமான கேள்வி.

கிள்ளானில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு, தெலுக் கோங் போய்ப் படகை இறக்கினோம். 14 அடி பைபர் போட்டு, 15 குதிரைசக்தி இயந்திரம், மீனைத் திரையில் காட்டும் கருவி, குடை, ஐஸ்பெட்டி. அடிப்பலகை காய்ந்து கிடந்தது. மொண்டு ஊற்ற எதுவும் இல்லாமல் கை சும்மா இருப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. புலாவ் இண்டாவுக்கும் கேரித் தீவுக்கும் நடுவில் போனோம். புலாவ் இண்டா அந்நாளில் புலாவ் லூமுட். லூமுட் என்றால் பாசி, இண்டா என்றால் அழகு. பாசியை அழகாக்கிய பிறகுதான் அங்கே கப்பல்துறை வந்தது. காட்டுக்கு மேலாக நீலக் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

அன்று ஆயெர் மாத்தி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட, நீர் அதிகம் ஏறி இறங்காத நாள். பெருநீர் நாளில் இங்கே ஓட்டம் முரடாக இருக்கும், லேசான ஜிக் ஹெட் தரைக்கே போகாது. எவ்வளவு லேசாகப் போட்டுத் தரையைத் தொட முடியுமோ அவ்வளவு லேசாகப் போட வேண்டும் என்பதுதான் இந்த வித்தையில் பாதி. ஏழு கிராம் போட்டோம். பழைய ஜெட்டிக் கால்களை ஒட்டி வீசி, விழவிட்டு, கோலை இரண்டு சுண்டு சுண்டி, மறுபடி விழவிட வேண்டும். மீன் கடிப்பது புழு ஏறும்போது அல்ல, விழும்போது. அதனால் விழும்போது நரம்பை விரலில் வைத்திருங்கள் என்றான் மருமகன். நான் ஆள்காட்டி விரலில் நரம்பை எடுத்துப் போட்டேன். அறுநூறு வெள்ளி கோல், நானூறு வெள்ளி சுருள், கடைசியில் பால் டின் வித்தைதான். "மாமா, கண்ண மூடாதீங்க, சன்லைட்ல லைன் தெரியும் பாருங்க" என்றான். மூடியதை நான் கவனிக்கவில்லை.

முதல் இழுப்பு கனமாக இருந்தது. கோல் வளைந்தது, சுருள் கிர்ரென்றது. "பெருசு மாமா, பெருசு!" பெரிசுதான். அரிசி மூட்டைப் பை, வாய் திறந்து தண்ணீர் நிறைந்து, ஓட்டத்தோடு போகப் பார்த்தது. பிளாஸ்டிக்கைப் போட்டால் பிளாஸ்டிக் கடிக்கிறது. கிள்ளான் ஆற்றில் மிதக்கும் குப்பையை அள்ள டச்சுக்காரர்கள் வெயிலில் ஓடும் ஒரு படகு இயந்திரத்தை 2019ல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்டர்செப்டர் 002 என்று பெயர். 001 ஜகார்த்தாவுக்குப் போனது. மிதவை வேலி குப்பையை வாய்ப்பக்கம் ஒதுக்கும், நகரும் பட்டை தூக்கித் தொட்டியில் போடும். சம்பளம் வாங்காமல் அதே வேலையை நான் ஒரு பையாகச் செய்துகொண்டிருந்தேன். அடுத்த இரண்டு வீச்சில் ஜெட்டிக் காலில் சிக்கி என் மோட்டார் ஆயில் புழு இரண்டு போயின. வரவு ஒரு பை, செலவு இரண்டு புழு. ஆற்றின் பேரேட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விரலில் அது வந்தது.

இழுப்பில்லை. ஒரு தட்டு. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு விரலால் தட்டியதுபோல. சுண்டினேன்.

கொடுவா. இங்கே எல்லாருக்கும் அது சியாக்காப். அந்த மீன் கடிப்பதே இல்லை. வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். தண்ணீரோடு இரை உள்ளே போய்விடும். கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் உடனே துப்பிவிடுமாம். இது மெத்தென்று இருப்பதால் ஒரு கணம் கூடுதலாக வைத்திருக்கும், அந்த ஒரு கணத்துக்குத்தான் ஐந்து வெள்ளி முப்பத்து மூன்று காசு. இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. பத்து நிமிடம் என்றான் மருமகன். எனக்கு ஒரு வேலைநாள். வலையில் ஏந்தித் தூக்கினோம். வெள்ளி உடம்பு, கண் மட்டும் தணல். தராசில் ஆறு கிலோ. அம்மாவின் கெலியை ஐம்பத்துச் சொச்சம் ஆண்டு கழித்து ஒருவன் முறியடித்தான்.

"சிரிங்க மாமா." சிரித்தேன். படமெடுத்தான். மீனை வாங்கி, தண்ணீருக்குள் வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினான். செவுளுக்குக் காற்றுப் போக என்று நினைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"டேய்!"

"கேட்ச் அண்ட் ரிலீஸ் மாமா."

"ஆறு கிலோடா!"

"அதனாலதான் மாமா. சியாக்காப் சின்னதுல ஆம்பள, வளந்தப்புறம் பொம்பளயாயிடும். பெருசெல்லாம் முட்டை போடுற ஆளு. விட்ருங்க."

அவன் சொன்னது உண்மை. கொடுவா மீன் அப்படித்தான் பால் மாறும். விஞ்ஞானம் அவன் பக்கம், சட்டிக்கு ஒன்றும் இல்லை. அப்பா மீனுக்குச் சாப்பாடு போட்டார், மீன் எங்களுக்குச் சாப்பாடு ஆனது. நாங்கள் அதற்குச் சாப்பாடு அல்லாததைப் போட்டோம், அதுவும் எங்களுக்குச் சாப்பாடாக மறுத்துவிட்டது. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஐஸ்பெட்டியில் நூறு ப்ளஸ் பானம் மூன்று டின் மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது.

கரையேறியதும் மருமகனுக்குப் பசி. தெலுக் கோங் கடல் உணவுக் கடையில் உட்கார்ந்து, இஞ்சி போட்டு அவித்த சியாக்காப் ஒன்று சொன்னான். "இது கூண்டுல வளந்தது மாமா, தப்பில்ல" என்றான். நல்ல ருசி. காசை நான் கொடுத்தேன்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது என்னவோ முடியவில்லை. ரயில் ஏறுமுன் கிள்ளானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கெம்போங் ஒரு கிலோ வாங்கினேன். வீட்டில் பையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கத் துண்டைத் தேடினேன்.

மனைவி ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்த காலத்தில் அம்மா இருந்தார். எதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

"கண்ணு செவந்திருக்கே?"

அவசரமாகப் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, மீனைப் பார்த்தாள். என் சிரிப்பையும் பார்த்தாள்.

"இத விட்டுட்டு இத வாங்கிட்டு வந்தீங்களா?"

பெரிய மீனெல்லாம் பெண், முட்டை போடும் என்று ஆரம்பித்தேன். அவள் கெம்போங்கைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கத்தியை எடுத்திருந்தாள். காலிப்பையைக் கசக்கிக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனேன்.

"பைய வீசிடாதீங்க. இருபது காசு கொடுத்துத்தான வாங்கியிருப்பீங்க?"